பீட்டா வாசித்த கெட்டிமேளம்

ஒரு பொருளைச் செய்தவனே, "இது இன்னும் செய்து முடியவில்லை, எந்த நேரத்திலும் கவிழும், அப்புறம் என்னைக் கேட்காதே" என்று எழுதிக் கையில் கொடுத்தால், புத்தியுள்ளவர்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். நான் முதல் ஆளாகக் கையை நீட்டுவேன். இது என் பிறவிக் கோளாறு. (அம்மா இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் போட முடியாது.)

இந்தக் கோளாறு உச்சிக்கு ஏறியது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லய வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா, ரப்பர் பால் எடுப்பவர்களை மேற்பார்க்கும் பால்வெட்டுக் கங்காணி. நான் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்தது எந்த விரலால் எந்த எழுத்தை அடிப்பது என்பதை மட்டும். ஆனால் தோட்டத்துக்குள் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால், காலையில்தான் ஒரு ராக்கெட்டை ஏவிவிட்டு வருகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிவா அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் பெல்மதுளையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்தார். யாரோ கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அந்தப் பானை வயிற்று டிவி மாதிரித் திரையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்து இறங்கினார். "நல்லாப் படிச்சுக்க சாந்தி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெட்டிக்காக நான் உயிரையே கொடுப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பிறகு நடந்ததைப் பார்த்தால், கொடுக்க இருந்தது என் உயிரை அல்ல, அண்ணனுடையதை.

அந்த வருஷத் தொடக்கத்தில், ஒரு பெரிய கம்பெனி தன்னுடைய அடுத்த இயங்குதளத்தின் பீட்டாவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று இணையத்தில் விட்டது. இயங்குதளம் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எல்லாரையும் வேலை வாங்குகிற கங்காணி. பீட்டா என்றால் வேலை பழகிக்கொண்டிருக்கிற கங்காணி. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இருந்த என் சிநேகிதி ராணி அதை இறக்கி, ஒரு டிவிடித் தட்டில் பதிந்து, அவிசாவளை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினாள். கண்டக்டர் அதைத் தன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். அவர் எடுத்து நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காதல் கடிதம் வாங்கினால்கூட அப்படி ஒற்றியிருக்க மாட்டேன். (வாங்கிப் பார்த்ததில்லை. ஊகம்தான்.)

வகுப்புக்குச் சொந்தக்காரரான சிங்கள சேரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏக்க பீட்டா நே நங்கி, வெடட்ட கண்ட எப்பா" என்றார். பீட்டாதானே தங்கச்சி, வேலைக்கு எடுக்காதே என்று அர்த்தம். "ஹரி சேர்" என்று பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஏற்றினேன்.

பழைய இயங்குதளத்தை முழுசாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அழி என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. என்னை என்னவென்று நினைத்தாய், அழி என்றேன். அதற்குப் பிறகு மத்தியானம் முழுக்க அது உருட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிரசவம் பாக்குறா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கடைசியில் திரை வெளிச்சமானது. நீலத் தண்ணீர், கொஞ்சம் குமிழி, நடுவில் வாலை விரித்துக்கொண்டு ஒரே ஒரு மீன். என்ன அழகு! கூவிவிட்டேன். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த செல்லம்மா பெரியம்மா, யாருக்கு என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அடியே, இதுக்கு என்னா தீனி போடுவ?"

"பெரியம்மா, அது படம்."

"படமா? என்னையவே பாக்குதுடி!"

ஒரு வாரத்துக்கு லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மீன் பார்க்க வந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் புது இயங்குதளத்தின் அருமை பெருமைகளை எடுத்துச் சொன்னேன். ஜன்னலை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். கீழே இருக்கும் பட்டை கண்ணாடி மாதிரி பளபளக்கும். எல்லாரும் "ஆங்" என்றார்கள். பார்த்தது மீனைத்தான்.

எல்லாவற்றையும் விட எனக்குத் தலைக்கு ஏறியது வேறொன்று. ஒவ்வொரு ஜன்னலின் மேல்மூலையிலும் கருத்து அனுப்பு என்று சின்னதாக எழுதியிருந்தது. அதாவது, சமுத்திரத்துக்கு அப்பால் இருக்கும் அத்தனை பெரிய கம்பெனி, ரப்பர் தோட்டத்துச் சாந்தியிடம் அபிப்பிராயம் கேட்கிறது! வீட்டில் இணையம் கிடையாது, எழுதினால் அனுப்ப வழியில்லை. அதனால் என்ன? தினமும் எழுதி எழுதிச் சேர்த்து வைத்தேன். கொஞ்ச நாளில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், "கங்காணி மகளக் கேட்டுத்தான் வெளிநாட்டுல கம்ப்யூட்டரே செய்றாங்களாம்" என்று பேச்சு அடிபட்டது. நான் மறுக்கவில்லை. மறுக்கிற மாதிரி ஒரு சிரிப்பு மட்டும் சிரித்து வைத்தேன்.

இப்படி நான் வானத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் கொடகவெலத் தேயிலைத் தோட்டத்து மஞ்சுளா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. வளர்த்தது அவளுடைய அத்தை பவளம். கல்யாணம் பேசி முடித்த பேச்சுக்கால் அன்றைக்குப் பவளம் அத்தை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"சீரு, சாப்பாடு எதுலயும் நா கொற சொல்ல மாட்டேங்க. தாலி ஏறுற நேரம் கெட்டிமேளம் மட்டும் கணீர்னு கேக்கணும். என் கல்யாணத்துல அந்த நேரம் பாத்து மேளம் நின்னுபோச்சு. ஒருத்தன் தும்மிட்டான். அப்புறம் நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் புள்ளைக்கு அது வேணாம்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா, "அதெல்லாம் ஜமாய்ச்சிறலாங்க" என்று வாக்குக் கொடுத்தார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஆனியில் கிடைத்த கடைசி முகூர்த்தம் அது. எங்கள் பக்கத்தில் தமிழ் ஆட்களே கொஞ்சம், மேளக்காரர்கள் அதைவிடக் கொஞ்சம். அந்த ஒரு நாளுக்கு இருந்தவர்கள் அத்தனை பேரையும் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அப்பா அவிசாவளை, கேகாலை, ரத்தினபுரி எல்லாம் அலைந்துவிட்டு வந்து, வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அப்பா, நா இருக்கேன்ல" என்றேன்.

கம்ப்யூட்டரைக் கோவிலுக்குக் கொண்டுபோவது, நாதஸ்வரமும் தவிலும் ஸ்பீக்கரில் வாசிப்பது, ஐயர் விரலைத் தூக்கும்போது ஒரே தட்டில் கெட்டிமேளம். இதுதான் என் திட்டம். ஸ்பீக்கர் செட் வைத்திருந்த ராசு மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணமோ கருமாதியோ, எங்கள் டிவிஷனில் எதற்கும் அவருடைய கேசட்தான் பாடும்.

"ஏன் புள்ள, எங்கிட்ட கேசட்டு இல்லையா?"

"கேசட்டா? நாடா சிக்கிக்கும் மாமா."

"சிக்குனா பென்சில விட்டுச் சுத்திருவேன். உன் பெட்டி சிக்குனா என்னாத்த விட்டுச் சுத்துவ?"

நான் சிரித்தேன். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. மாமா முகம் சுருங்கிப்போனது. ஸ்பீக்கரை மட்டும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணனிடம் அப்பா போனில் கேட்டபோது, அண்ணன், "சாந்தி சொன்னா செஞ்சிருவாப்பா" என்றாராம். இதைக் கேட்டு நான் இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வீட்டில் ஒத்திகை. மங்கள வாத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அரிசி புடைத்தபடியே தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. திரை இருண்டது. மீனைக் காணோம்.

"மீனு செத்துப்போச்சுடி!" என்று பெரியம்மா அலறினார்.

திரும்பப் போட்டேன். நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அணைந்தது. அப்போதுதான், அந்த மாதம் முழுக்க ஒரு மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அறிவிப்பை முதல் தடவையாக நிதானமாக வாசித்தேன். வாசிக்காமலே நான் தினமும் தட்டி மூடிய அதே அறிவிப்பு. (எச்சரிக்கைகள் எல்லாம் மற்றவர்களுக்கு எழுதப்படுபவை என்பது என் கொள்கை.) பீட்டாவின் ஆயுள் முடியப்போகிறது, இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் தானாகவே அணையும் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தது. கம்பெனி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய இயங்குதளத்தை நான்தான் வழித்துத் துடைத்திருந்தேனே! வாத்தியத்தைச் சிடியில் எழுதி ஒரு பிளேயரில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ராணியும் போனில் அதையேதான் கேட்டாள். கேசட்டைப் பார்த்து இளித்த வாயோடு, "மாமா, சிடி பிளேயர் எங்கயாவது கிடைக்குமா?" என்று போய் நிற்பதா? வெளிநாட்டுக் கம்பெனியே ஆலோசனை கேட்கிற ஆளல்லவா நான்! யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெண் வீட்டார் வந்து இறங்கும் நேரம் பார்த்து அணைத்துப் போட்டால், அதற்குப் பிறகு முழுசாக இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். ஒரு தாலி கட்ட அது போதாதா? தோட்டத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

விடிந்ததும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். பெரியம்மா திரையைக் கட்டிப்பிடித்தபடி வந்தார், மீனுக்கு அடிபடக் கூடாதாம். மணவறைக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பெட்டியை வைத்தேன். புதுப் பாவாடை தாவணி, தலையில் மல்லிகை, கையில் மவுஸ். அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷம் மணப்பெண்கூடப் பட்டிருக்க மாட்டாள். பெண் வீட்டு வேன் வரும் நேரமானது. சட்டென்று அணைத்துப் போட்டேன். மீன் வந்தது. வாத்தியம் தொடங்கியது. எல்லாம் கச்சிதம்.

வேன் மட்டும் வரவில்லை.

ரத்தினபுரிக்கு இந்தப் பக்கம் மழைக்கு மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. ஐயர் நேரத்தைப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்தார். நான் திரை மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அண்ணன் மாலையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கண்ணால் கேட்டார். சரி என்று நானும் கண்ணால் சொன்னேன். இரண்டு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால்தான் வேன் வந்தது. இப்போது அணைத்துப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"என்னாடி செய்ற!" அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "பொண்ணு படியேறுது. மேளத்த நிப்பாட்டுறியா? சகுனம் என்னாத்துக்கு ஆவுறது!"

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம்..."

"கைய எடு!"

அந்தப் பழைய பெட்டி எழும்பி வருவதற்கு ஒரு நிமிஷமெல்லாம் போதாது என்பதும் எனக்குத் தெரியும். கையை எடுத்தேன். அதற்குள் முகூர்த்தமும் முடியப்போகிறதென்று ஐயர் மந்திரங்களை மெயில் ரயில் வேகத்தில் ஓட்டினார். எனக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். மீனையும் கும்பிட்டேன். தாலித் தட்டு சுற்றி வந்தது. எல்லார் கையிலும் அட்சதை. பவளம் அத்தை முன்வரிசையில் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். அண்ணன் தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் விரலைத் தூக்கி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

நான் மவுஸைத் தட்டினேன். மீன் மறைந்தது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ரப்பர் மரத்திலிருந்து மழைத்துளி விழுகிற சத்தம்கூடக் கேட்டது. அண்ணனின் கை பாதியில் நின்றது. பவளம் அத்தையின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. ஒரு தும்மல் வரவேண்டியதுதான் பாக்கி.

ராசு மாமா நல்ல மனுஷன். என் மேல் கோபத்தையெல்லாம் மறந்துவிட்டுப் பாய்ந்து ஓடி, ஸ்பீக்கரோடு கொண்டுவந்திருந்த தன் கேசட் பெட்டியைத் தட்டிவிட்டார். மாமா அதை முந்தின வாரம் ஒரு சாவு வீட்டில் கட்டியிருந்தார். கேசட்டை மாற்றவில்லை. போகிறாயே, எங்களை விட்டுப் போகிறாயே என்கிற ரகத்தில் ஒரு பாட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அழ ஆரம்பித்தது. தாலி அண்ணி கழுத்துக்குப் பக்கத்தில். மாமா பதற்றத்தில் நிறுத்துகிற பட்டனைத் தேடி, சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

செல்லம்மா பெரியம்மா தாலி பார்க்கச் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்திருந்தார். கோவில் வாசலில், கை கழுவத் தண்ணீர் வைப்பதற்காக ரப்பர் பால் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெரியம்மா ஒரு வாளியைத் தூக்கினார். "அடிங்கடி!" என்று ஒரு சத்தம். டமடமவென்று கரண்டியால் வெளுக்க ஆரம்பித்தார். பால்வெட்டுப் பெண்கள் சும்மா நிற்பார்களா? ஆளுக்கொரு வாளி, அகப்பை, குச்சி, கிடைத்ததெல்லாம் எடுத்து அடித்தார்கள். அம்மாவும் அடித்தாள். நானும் அழுதுகொண்டே ஒரு வாளியை எடுத்து அடித்தேன். அந்த இடியில் சாவுப்பாட்டு போன இடம் தெரியவில்லை. அண்ணன் மூன்று முடிச்சையும் போட்டார். அண்ணி குனிந்த தலை நிமிராமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியதும் பவளம் அத்தை நேராக அப்பாவிடம் வந்தார். நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"என்னாங்க இது? இந்தப் பக்கத்து வழக்கமா?"

அப்பா தொண்டையைச் செருமினார். அவர் பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. "ஆமாங்க சம்பந்தி. பால்மரத் தோட்டம் பாருங்க, வாளிதான் எங்களுக்கு லெச்சுமி. தாலி ஏறுற நேரம் மேளத்த நிறுத்திட்டு வாளியத்தான் தட்டுறது."

"அப்ப அந்த அழுவுற பாட்டு?"

அப்பா ஒரு கணம் மேலே பார்த்தார். "அது திஷ்டிக்குங்க."

பவளம் அத்தை வாளிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நல்ல வழக்கங்க. இந்தச் சத்தத்துல ஊரே தும்முனாலும் கேக்காது" என்றார்.

நான் கோவிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அண்ணன் மாலையைக் கழற்றாமலே தேடி வந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரிஞ்சே வெச்சிருந்தியா?" என்றார். தலையாட்டினேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாலையில் இருந்த பூவெல்லாம் உதிர்ந்தது. "எந்திரி பீட்டா, சோறு ஆறுது" என்றார். என் பெயர் அன்றைக்கு மாறியது. அண்ணன் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் பீட்டா அத்தைதான். சாந்தி என்று ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அன்று மாலை கம்ப்யூட்டரை வீட்டில் வைத்துப் போட்டபோது மீன் ஒன்றும் நடக்காதது போல வாலை ஆட்டாமல் நின்றது. தாலி கட்டும் நேரத்தில் அணையக் கூடாது என்று கடைசியாக ஒரு கருத்து எழுதிச் சேர்த்து வைத்தேன். அதுவும் அனுப்பப்படவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் பிழைத்திருப்பேன். போன வருஷம் பவளம் அத்தையின் பேத்திக்குக் கொடகவெலயில் கல்யாணம். குடும்பத்தோடு போயிருந்தோம். அசல் மேளக்காரர்கள், தவில், நாதஸ்வரம், ஒரு குறையும் இல்லை. ஐயர் விரலைத் தூக்கினார். பவளம் அத்தை எழுந்து மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. ஸ்பீக்கரில் ஒரு சாவுப்பாட்டு இரண்டு வரி அழுதது. பெண்கள் எல்லாரும் புடவைக்குப் பின்னாலிருந்து புத்தம் புது வாளிகளை எடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பால் வாளிக்கு எங்கே போவது, இதற்கென்றே கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுபோய் நின்றார்கள். "இது எங்க சம்பந்தி வீட்டு வழக்கங்க, பரம்பர பரம்பரையா வர்றது" என்று பவளம் அத்தை பெருமையாகச் சொன்னார். "சந்தேகம்னா இந்தா நிக்கிறாளே, இவளக் கேளுங்க."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல? "அப்ப நீயே மொதல்ல தட்டி ஆரம்பிச்சு வையி தாயீ" என்று ஒரு வாளியை என் கையில் திணித்தார் அத்தை. கரண்டியை ஓங்கினேன். பின்னாலிருந்து அண்ணனின் குரல் காதோரம் கேட்டது.

"பாத்து அடி பீட்டா. ரெண்டு மணி நேரத்துல நின்னுறப் போவுது."